ஹெல்மெட் போடுவதற்கு முன்பே ஜெயித்தவர்கள்: டாஃப்ட் பங்க் எப்படி மேலே வந்தார்கள்?

ஒலிநாடா

பிரான்ஸின் மின்னணு நடன இசை இரட்டையர் டாஃப்ட் பங்க் என்றாலே பேச்சு நேராக அவர்கள் போட்ட ரோபோ ஹெல்மெட்டுக்குப் போய்விடுகிறது. இங்கே இருக்கும் பழைய இழைகளும் அப்படித்தான்: ரோபோ, பிரமிடு, கிராமி மேடை, அப்புறம் 2021-ல் வந்த பிரிவு வீடியோ. அந்த இரண்டு பேரும் வெறும் முகத்தோடு சுற்றிய வருடங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை அவர்கள் மேலே வந்ததே 1993-க்கும் 1997-க்கும் நடுவில்தான்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோமா பாங்கால்தெரும் கீ-மானுவேல் தி ஓமெம்-கிறிஸ்தோவும் 1987-ல் பாரிஸின் லிசே கார்னோ பள்ளியில் சந்தித்தவர்கள். 1992-ல் லோரான் பிராங்கோவிட்ஸ் என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு டார்லின் என்று ஒரு கிட்டார் குழு ஆரம்பித்தார்கள். ஸ்டீரியோலாப் குழுவினரின் டுவோஃபோனிக் லேபிள் அவர்கள் பாட்டை ஒரு தொகுப்பில் வெளியிட்டது. லண்டனின் மெலடி மேக்கர் பத்திரிகை அதை 'டாஃப்ட் பங்கி த்ராஷ்' என்று ஒரு வரியில் ஒதுக்கித் தள்ளியது. குழு கலைந்தது. பிராங்கோவிட்ஸ் பிற்பாடு ஃபீனிக்ஸ் குழுவுக்குப் போய்விட்டார். மற்ற இருவரும் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அந்த வசையையே பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

1993-ல் யூரோ டிஸ்னியில் ஒரு ரேவ், அதாவது இரவு நேர நடன இசைக் கூட்டம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்த ஸ்லாம் என்ற டிஜே இரட்டையரில் ஒருவரான ஸ்டூவர்ட் மக்மில்லனிடம் அங்கே ஒரு டெமோ கேசட்டைக் கொடுக்கிறார்கள். அவர் சோமா என்ற சின்ன லேபிளை நடத்துபவர்களில் ஒருவர். 1994-ல் அந்த லேபிளில் முதல் இசைத்தட்டு வந்தது. 1995-ல் 'டா ஃபங்க்'. அதை முதலில் அடித்ததே 2,000 பிரதிதான், பெரிதாக ஒன்றும் நடக்கவும் இல்லை. கெமிக்கல் பிரதர்ஸ் தங்கள் நிகழ்ச்சிகளில் அதைப் போட ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. பெரிய கம்பெனிகள் தேடி வந்தன. 1996 செப்டம்பரில் வர்ஜின் என்ற பெரிய இசைக் கம்பெனியோடு கையெழுத்தானது, 1997 ஜனவரியில் 'ஹோம்வொர்க்' ஆல்பம் வெளிவந்தது.

என் கட்சி இதுதான். அந்தக் கையெழுத்தைப் போட்ட விதத்தில்தான் இவர்களுடைய மொத்தக் கதையும் இருக்கிறது. பாட்டுகளை அவர்கள் விற்கவில்லை. டாஃப்ட் டிராக்ஸ் என்று சொந்தமாக ஒரு தயாரிப்பு நிறுவனம் வைத்து, அதன் வழியாக வர்ஜினுக்கு உரிமம் மட்டும் கொடுத்தார்கள். மாஸ்டர், அதாவது பாட்டின் மூல ஒலிப்பதிவு, இவர்கள் கையிலேயே இருந்தது. 21, 22 வயதுப் பையன்கள், கையில் ஒரு ஆல்பம்கூட இல்லாத நிலையில், ஒரு பெரிய கம்பெனியிடம் இப்படி நின்றிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் நடந்த ஒவ்வொன்றும், ஹெல்மெட் உட்பட, இந்தப் பிடி இருந்ததால்தான் முடிந்தது என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கம்பிவாத்தியம்

நல்ல பதிவுதான், ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1997-ல் பாரிஸில் இவர்கள் மட்டுமா இருந்தார்கள்? மோட்டர்பாஸ் இருந்தது, எத்தியன் தி கிரெஸி இருந்தார், ஏர் இருந்தது, கொஞ்சம் தள்ளி காசியஸ் வந்தது. எல்லோரிடமும் நல்ல பாட்டு இருந்தது. இன்றைக்குத் தெருவில் போகிற ஒருவரை நிறுத்திக் கேட்டால் எத்தனை பெயர் சொல்வார்? ஒன்றுதான். ஏனென்றால் அந்த ஒன்றுக்குத்தான் ஒரு உருவம் இருந்தது.

1999 செப்டம்பர் 9-ம் தேதி காலை 9:09-க்கு ஸ்டூடியோவில் சாம்ப்ளர் (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி) வெடித்தது, கண் விழித்துப் பார்த்தபோது நாங்கள் ரோபோவாகிவிட்டோம் என்று அவர்கள் சொன்ன கதை பச்சைப் புளுகு என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அதைச் சொல்லாமல் யாரும் டாஃப்ட் பங்க் பற்றி எழுதுவதே இல்லை. அங்கேதான் அவர்கள் ஜெயித்தார்கள். 1997-ல் அவர்கள் ஒரு வெற்றிகரமான நடன இசைக் குழு. உலகம் முழுக்கத் தெரிந்த பெயரானது 2001-ல் 'டிஸ்கவரி' வந்த பிறகு.

வினைல்வண்டி

இருவரும் ஒப்பந்தம், உருவம் என்று போய்விட்டீர்கள். சத்தத்தைப் பற்றி யாராவது பேச வேண்டாமா?

'டா ஃபங்க்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். அன்றைய ஹவுஸ் என்ற நடன இசை நிமிடத்துக்கு 120 தட்டுக்கு மேல் ஓடும். இது ஏறக்குறைய 111. அந்த மந்தமான நடைக்குக் காரணம், அப்போது அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது அமெரிக்க மேற்குக் கரை ஹிப்-ஹாப். ஒரு கனத்த டிரம், மேலே உடைந்த ஒலியில் ஒரு கிட்டார் போன்ற மெட்டு. அதே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. பாதிக்கு மேல் போனதும் ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசர் உள்ளே நுழைகிறது, அந்த வழுக்கிக்கொண்டு போகும் ஆசிட் சத்தம். அதுவரை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் உடம்பை ஆட்ட ஆரம்பிப்பார்கள். புதிதாகச் சேர்ந்தது ஒரே ஒரு கருவி.

இரண்டாவது விஷயம் ஃபில்டர். இந்த பாணிக்கே 'ஃபில்டர் ஹவுஸ்' என்று பெயர் வந்ததற்குக் காரணம் இது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் போடும் பாட்டு சுவர் வழியாக நமக்கு வெறும் 'தும் தும்' என்றுதான் கேட்கும். யாராவது கதவைத் திறந்தால் சட்டென்று பாட்டு முழுசாக வந்து விழும். ஃபில்டரைத் திருகும்போது நடப்பதும் அதுதான். மேல் ஒலிகளை அடைத்துவிட்டு, கேட்பவரை ஏங்க வைத்து, பிறகு மெல்லத் திறப்பது. புதிய ஸ்வரம் எதுவும் சேர்க்காமல், திரும்பத் திரும்ப ஓடும் நாலு வினாடி லூப்பை வைத்துக்கொண்டே ஒரு கதை சொல்லிவிடலாம். 1998-ல் பாங்கால்தெர், ஆலன் பிராக்ஸ், பெஞ்சமின் டயமண்ட் மூவரும் சேர்ந்து ஸ்டார்டஸ்ட் என்ற பெயரில் ஒரே ஒரு பாட்டு போட்டார்களே, ஷாகா கானின் பழைய பாட்டில் ஒரு துண்டை எடுத்து, அது முழுக்க முழுக்க இந்த வித்தைதான். அது உலகம் பூராவும் ஓடியும் அடுத்த பாட்டே போடாமல் நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் அவர்கள் செய்தது பெரிய ஸ்டூடியோவில் இல்லை. பாங்கால்தெரின் படுக்கையறையில். ஆல்பத்துக்கு 'ஹோம்வொர்க்' என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

லாஷப்பல்காரன்

வணக்கம். நான் பாரிஸில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் மூவரும் கதைக்கிற விஷயத்தில் ஒன்று விடுபடுகிறது: அந்தக் காலத்தில் பிரான்ஸ் இந்த இசையை எப்படிப் பார்த்தது என்பது.

1995-ல் உள்துறை அமைச்சு ரேவ் கூட்டங்களைப் பற்றி ஒரு சுற்றறிக்கை விட்டது. அது ஆபத்தான கூட்டம் என்று தலைப்பிலேயே எழுதி, பொலிசாருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பினார்கள். அதன் பிறகு கூட்டங்கள் வரிசையாகத் தடைபட்டன. வானொலியிலும் வழி இல்லை. 1996 தொடக்கத்தில் இருந்து பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழிப் பாட்டாக இருக்க வேண்டும் என்று சட்டம். பாரிஸ் பெடியள் பாரிஸில் இருந்து செய்த இசையாக இருந்தாலும், பாடுவது ஆங்கிலத்தில் இருந்தால் அது அந்தக் கணக்கில் சேராது. இதற்கெல்லாம் முன்பே, 1994-லேயே, அவர்களின் முதல் இசைத்தட்டு பாரிஸில் வராமல் கிளாஸ்கோவில்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தக் கோபம் 'ஹோம்வொர்க்' ஆல்பத்திலேயே இருக்கிறது. 'ரெவல்யூஷன் 909' என்ற பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். தூரத்தில் ஒரு கூட்டத்தின் சத்தம், அடைத்துக் கேட்கும் இசை, பிறகு சைரன், இசையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல். அதற்குப் பிறகுதான் டிரம் விழும். பெயரில் இருக்கும் 909 ரோலண்டின் டிஆர்-909 டிரம் இயந்திரம். 1983-ல் வந்து விலைபோகாமல் கைவிடப்பட்ட கருவி.

அதன் வீடியோவை ரோமன் கொப்போலா எடுத்தார். பொலிசார் ஒரு ரேவ் கூட்டத்தைக் கலைக்கிறார்கள். ஒரு அதிகாரி ஒரு பெண்ணை மறிக்கிறார். அவள் அவருடைய கழுத்துப்பட்டையில் ஒரு தக்காளிக் கறையைப் பார்க்கிறாள். உடனே கதை பின்னோக்கிப் போகிறது: தக்காளி விதை, செடி, பழம், கடை, ஒரு வீட்டுச் சமையலறை, வெங்காயம் வதங்குகிறது, சோஸ் கொதிக்கிறது, அதை ஒருவர் டப்பாவில் கட்டிக் கொடுக்கிறார், அதிகாரி காருக்குள் இருந்து சாப்பிடும்போது ஒரு துளி தெறிக்கிறது. திரும்ப ரேவ் கூட்டம். அவர் குனிந்து கறையைப் பார்க்கும் அந்த நொடியில் பெண் ஓடிவிடுகிறாள். பொலிசாரை அரக்கராகக் காட்டாமல், வீட்டில் சமைத்துக் கொடுக்க ஆள் உள்ள ஒரு மனிதராகக் காட்டிவிட்டு, அவளையும் தப்பவிடுகிறார்கள். எனக்கு அவர்களின் எல்லா வீடியோவிலும் இதுதான் பெரிது.

கம்பிவாத்தியம்

லாஷப்பல்காரன் அண்ணா, அருமை. வீடியோ என்று வந்ததால் சொல்கிறேன், 'டா ஃபங்க்' வீடியோவை ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்தார், 'அரவுண்ட் தி வேர்ல்ட்' வீடியோவை மிஷேல் கோந்திரி. இரண்டிலும் குழுவினரின் முகம் கிடையாது. ஒன்றில் நாய்த் தலையோடு ஊன்றுகோல் ஊன்றி நியூயார்க்கில் அலையும் ஒருவன், கையில் ரேடியோ. அவன் ரேடியோவிலிருந்துதான் நமக்குப் பாட்டே கேட்கிறது. ஆக, 1997-லேயே அவர்கள் முகத்துக்குப் பதிலாக வேறு உருவங்களைத்தான் முன்னால் வைத்தார்கள். இது என் வாதத்துக்குத்தான் பலம்.

வினைல்வண்டி

கோந்திரி வீடியோவில் உருவம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அங்கே ஆடுவதே இசைதான். ஒவ்வொரு கூட்டமும் ஒரு கருவி. நெட்டையான ஆட்கள் படியில் ஏறி இறங்குவது பேஸ் கிட்டார். ஸ்வரம் ஏறினால் ஏறுகிறார்கள், இறங்கினால் இறங்குகிறார்கள். நீச்சல் உடைப் பெண்கள் கீபோர்டு. எலும்புக்கூடுகள் கிட்டார். மம்மிகள் டிரம். வட்டத்தில் சுற்றிவரும் ரோபோக்கள் அந்த இயந்திரக் குரல். அந்தக் குரல் ஆல்பத்தில் அதே மூன்று சொல்லை 144 முறை சொல்கிறது. சத்தத்தைக் குறைத்துவிட்டு வீடியோவை மட்டும் பார்த்தால்கூடப் பாட்டு எங்கே போகிறது என்று கண்ணாலேயே படித்துவிடலாம். இசை கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு எப்படி அடுக்கப்படுகிறது என்று காட்ட இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

மூன்றாம்மாடி

எல்லோரும் ஒரு விஷயத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். பாங்கால்தெரின் அப்பா யார்? டேனியல் வாங்கார்ட். 1979-ல் ஓட்டவான் பாடிய 'டி.ஐ.எஸ்.சி.ஓ' பாட்டைச் செய்தவர்களில் ஒருவர். ஐரோப்பா முழுக்க ஓடிய பாட்டு. வீட்டிலேயே ஒரு ஹிட் தயாரிப்பாளர் இருக்கும்போது, "படுக்கையறையில் செய்தோம், கம்பெனியிடம் வளையவில்லை" என்பதெல்லாம் எல்லோருக்கும் வாய்க்குமா? வீட்டில் சோற்றுக்குக் கவலை இல்லாதவன்தான் ஒப்பந்தத்தை மேசையில் விட்டுவிட்டு எழுந்து வர முடியும். ஒலிநாடா சொல்லும் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் பணம் இருக்கிறது.

ஒலிநாடா

நியாயமான கேள்வி. வசதி இருந்தது, அதை மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அப்பாவிடமிருந்து வந்ததில் பணத்தைவிடப் பெரியது அனுபவம். எந்தத் தாளில் கையெழுத்துப் போடலாம், எதில் போடக்கூடாது என்று தெரிந்த ஒருவர் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தார். அந்த ஆலோசனைக்காகத்தான் 'ஹோம்வொர்க்' காலத்தில் அவருக்கு வெளிப்படையாக நன்றி சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனையோ நல்ல பாடகர்கள், இசையமைப்பாளர்கள் தங்கள் பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் முதுமையில் வழக்காடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, அந்த ஆலோசனையின் மதிப்பு எனக்குப் புரிகிறது.

பணக்கார அப்பா இருந்தும் ஒன்றும் ஆகாத பிள்ளைகள் பாரிஸில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். பாட்டு நன்றாக இருந்தால்தானே கம்பெனி பேச்சுவார்த்தைக்கே வரும்.

லாஷப்பல்காரன்

வாங்கார்ட் பெயர் வந்ததால் நம் ஆட்களுக்கு ஒரு தொடர்பைச் சொல்கிறேன். ஓட்டவான் குழுவுக்கு அவரும் ஜான் குளூகரும் 1980-ல் எழுதிய இன்னொரு பாட்டு 'தெ ஓகே'. அந்த மெட்டைத்தான் 1982-ல் பப்பி லஹிரி இந்திப் படமான 'டிஸ்கோ டான்சர்' படத்துக்கு எடுத்து 'ஜிம்மி ஜிம்மி' ஆக்கினார். பார்வதி கான் பாடியது. நம் அம்மா, அப்பாமார் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. 2007-ல் அதை எம்.ஐ.ஏ. திரும்பப் பாடினார், அதுதான் நம் மாதங்கி அருள்பிரகாசம். டாஃப்ட் பங்க் பாரிஸ் பெர்சி அரங்கில் விளக்குகள் எரியும் பிரமிடு மேடைக்குள் நின்று வாசித்ததும் அதே 2007. தகப்பனின் மெட்டு பம்பாய் போய், அங்கிருந்து ஒரு ஈழத்துப் பெண்ணின் குரலில் ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்த அதே வருடத்தில் மகன் பாரிஸில் நிறைந்த அரங்கின் முன்னால் நிற்கிறார். எனக்கு இதை நினைத்தால் பெரிய சந்தோசம்.

மூன்றாம்மாடி

அண்ணா, இது எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் நீங்களே அடுத்த கேள்விக்கு வழி விட்டுவிட்டீர்கள். அந்த மெட்டு பம்பாய்க்குப் போனபோது வாங்கார்டுக்கு யாராவது காசு கொடுத்தார்களா என்பது ஒரு பக்கம். மகன் எடுத்த துண்டுகளுக்கு யாருக்குக் காசு போனது?

'ஒன் மோர் டைம்' பாட்டின் அந்த ஊதுகுழல் மெட்டு அவர்களுடையது இல்லை. எடி ஜான்ஸ் என்ற லைபீரியக்காரர் 1979-ல் பாரிஸில் இருந்தபோது பாடிய டிஸ்கோ பாட்டின் தொடக்கத்தை வெட்டி, இடம் மாற்றி ஒட்டியது. 'டிஸ்கவரி' உள்ளட்டையில் ஜார்ஜ் டியூக், எட்வின் பேர்ட்சாங் போன்றவர்களின் பெயர்கள் சாம்பிளுக்காக, அதாவது அவர்கள் பாட்டிலிருந்து எடுத்த துண்டுகளுக்காக, இருக்கின்றன. எடி ஜான்ஸ் பெயர் இல்லை. 2021-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் அவரைத் தேடிப் பிடித்து எழுதியது. பக்கவாதம் வந்து, ஒரு காலத்தில் வீடில்லாமல் இருந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்தப் பாட்டிலிருந்து அவர் கைக்கு எதுவும் வந்திருக்கவில்லை. பதிவின் உரிமை வைத்திருந்த பிரெஞ்சு நிறுவனத்துக்கு டாஃப்ட் பங்க் தரப்பு முறையாகப் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அங்கிருந்து பாடியவருக்குப் போகவில்லை.

தன் மாஸ்டர் தன் கையில் என்று நின்ற ஒரு குழுவின் மிகப் பெரிய பாட்டு, தன் மாஸ்டர் தன் கையில் இல்லாத ஒருவரின் குரல்வளை மேல் நிற்கிறது. ஒலிநாடா, உங்கள் கட்சியில் இதற்கு எங்கே இடம்?

ஒலிநாடா

இந்தக் கேள்வி எனக்கும் உறுத்தும் கேள்விதான். சட்டப்படி அவர்கள் பணத்தைக் கட்டியிருக்கிறார்கள், குற்றம் நடுவில் இருந்தவர்களிடம். ஆனாலும் அட்டையில் ஒரு பெயர் போட்டிருந்தால் 20 வருடம் முன்னாலேயே யாராவது அவரைத் தேடியிருப்பார்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போனதை என்னால் நியாயப்படுத்த முடியாது, முயலவும் மாட்டேன்.

அதே சமயம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கறுப்பின இசைக்காரர்களின் கடன் என்ற விஷயத்தில் அவர்கள் வாய் மூடி இருந்தவர்கள் இல்லை. 'ஹோம்வொர்க்' ஆல்பத்தில் 'டீச்சர்ஸ்' என்று ஒரு பாட்டு. அதில் பாட்டு வரி என்பதே பெயர்ப் பட்டியல்தான்: பால் ஜான்சன், டிஜே ஃபங்க், டிஜே ஸ்னீக், ஜெஃப் மில்ஸ், ரோமன்தோனி, டாட் எட்வர்ட்ஸ்... சிகாகோ, டெட்ராய்ட், நியூ ஜெர்சி ஆட்கள். இந்த அமைப்பேகூட சிகாகோவின் பாரிஸ் மிட்செல் போட்ட ஒரு பாட்டைப் பார்த்துச் செய்ததுதான். பெயர் சொன்னதோடும் நிற்கவில்லை. 'ஒன் மோர் டைம்' பாடியது அந்தப் பட்டியலில் இருந்த ரோமன்தோனி. டாட் எட்வர்ட்ஸ் 2001-லும் பாடினார், 2013-லும் பாடினார்.

வினைல்வண்டி

ரோமன்தோனி பெயரைச் சொன்னதற்கு நன்றி. 2013-ல் இறந்துபோனார். 'ஒன் மோர் டைம்' வந்தபோது அவர் குரலை ஸ்வரம் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளில் போட்டுச் சிதைத்துவிட்டார்கள் என்று ஹவுஸ் ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். இன்று வானொலியில் எந்தப் பாட்டைத் திருப்பினாலும் அந்தக் குரல்தான். 2000 நவம்பரில் அது காதுக்கு எவ்வளவு அந்நியமாக இருந்தது என்று இப்போது கேட்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

கம்பிவாத்தியம்

சரி, 2005-க்கு வருவோம். 'ஹியூமன் ஆஃப்டர் ஆல்' ஆறே வாரத்தில் முடித்த ஆல்பம். விமர்சகர்கள் கழுவி ஊற்றினார்கள். பிடி, உரிமை, மாஸ்டர் எல்லாம் அப்போதும் அவர்கள் கையில்தானே இருந்தது? ஏன் காப்பாற்றவில்லை? காப்பாற்றியது 2006 ஏப்ரல் 29. கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழா, பிரமிடு, ஹெல்மெட். ஒரே இரவில் எல்லாம் தலைகீழானது.

நான் அதைப் பார்த்தது யாரோ கூட்டத்தில் நின்று எடுத்துப் போட்ட யூடியூப் துண்டுகளில். படம் நடுங்கும், சத்தம் கிழியும், எடுத்தவர் நடுவில் கத்துவார். ஹாஸ்டலில் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று பார்த்தோம். அதுவரை ராஜா பாட்டையும் மெட்டாலிக்காவையும் விட்டு வெளியே வராத நான், கீபோர்டு ஆட்களை மதிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். முக்கோணத்தின் விளக்குகள் எரிந்து அந்த இரண்டு தலைகள் தெரியும் நொடியில் கூட்டம் எழுப்பும் சத்தம் இருக்கிறதே, அது ஒப்பந்தத் தாளைப் பார்த்து வந்த சத்தம் இல்லை நண்பரே.

வினைல்வண்டி

பிரமிடுக்குள் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். தங்கள் பழைய பாட்டுகளையே ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினார்கள். 2005-ல் எல்லோரும் வறட்சி என்று சொன்ன 'ஹியூமன் ஆஃப்டர் ஆல்' பாட்டுகளின் டிரம், அதன் மேல் 'ஒன் மோர் டைம்' குரல், அதற்கடியில் 1997-ன் பேஸ். தனியாக மொட்டையாகத் தெரிந்தது இன்னொன்றுக்கு எலும்பாக நின்றது. அந்தக் கச்சேரியைப் பதிந்த 'அலைவ் 2007' ஆல்பத்தைக் கேட்ட பிறகு அந்த 2005 ஆல்பத்தைத் திரும்பக் கேளுங்கள், வேறு மாதிரி இருக்கும். விளக்கு வெளிச்சம் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் 'அலைவ் 2007' ஆல்பத்தில் வெளிச்சமே கிடையாது, அதுவும் கிராமி வாங்கியது.

ஒலிநாடா

கம்பிவாத்தியம், நீங்கள் பார்த்த அந்த நடுங்கும் துண்டுகள்தான் என் வாதத்துக்குச் சாட்சி. அந்தச் சுற்றுப்பயணத்துக்கு அவர்கள் அதிகாரப்பூர்வமான முழுக் கச்சேரி வீடியோ எதையும் வெளியிடவில்லை. ரசிகர்கள் எடுத்த ஆயிரக்கணக்கான துண்டுகளே போதும் என்று விட்டுவிட்டார்கள். வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் கம்பெனி கழுத்தைப் பிடித்து டிவிடி போட வைத்திருக்கும். இவர்களால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது. அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமையைத்தான் 1996-லேயே அவர்கள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்கள். ஹெல்மெட்டும் அப்படித்தான். 'எங்கள் முகம் விற்பனைக்கு இல்லை' என்று சொல்ல ஒப்பந்தத்தில் இடம் வேண்டும்.

லாஷப்பல்காரன்

2013 ஆல்பத்தை யாரும் தொடவில்லையே. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. 'ராண்டம் ஆக்சஸ் மெமரிஸ்' அழகான ஆல்பம்தான். நைல் ராட்ஜர்ஸ், நேதன் ஈஸ்ட், ஒமர் ஹக்கீம் என்று பெரிய கைகள். சாம்பிள் என்று பார்த்தால் கடைசிப் பாட்டில் மட்டும். டிஸ்கோ காலத்துத் தயாரிப்பாளர் ஜார்ஜோ மொரோடரைப் பேச வைத்து, அவர் வாழ்க்கையின் வெவ்வேறு காலத்துக்கு ஏற்ப வெவ்வேறு காலத்து மைக்கில் குரலைப் பதிந்தார்கள். அந்த வேறுபாடு யாருக்குக் கேட்கும் என்று கேட்டதற்கு, ஒலிப்பதிவாளர், அவர்களுக்குக் கேட்கும் என்றாராம். அவ்வளவு அக்கறை. ஆனால் படுக்கையறையில் பழைய டிரம் இயந்திரத்தோடு தொடங்கிய இருவர், உலகின் மிக விலையுயர்ந்த ஸ்டூடியோக்களில் போய் முடித்தார்கள். 2014 ஜனவரியில் வருடத்தின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கும்போது மேடையில் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, பக்கத்தில் நின்றவர்கள்தான் பேசினார்கள். அந்த ஆல்பம் எனக்கு மரியாதையைத் தருகிறது. 'ரெவல்யூஷன் 909' தரும் துடிப்பைத் தரவில்லை.

மூன்றாம்மாடி

எனக்கு நேர்மாறு. வெட்டி எடுத்த துண்டுகளால் புகழ்பெற்றவர்கள், பணம் வந்ததும் அந்தத் துண்டுகளை வாசித்த தலைமுறையையே ஸ்டூடியோவுக்கு அழைத்து, பெயர் போட்டு, சம்பளம் கொடுத்து வாசிக்க வைத்தார்கள். எடி ஜான்ஸ் விஷயத்தில் நடக்காதது இங்கே நடந்தது. அதனால் அந்த ஆல்பத்தை நான் ரொம்பவே மதிக்கிறேன்.

தாம்பரம்_லூப்

களத்துக்குப் புதிது. மேலே உள்ள எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். நானும் நண்பனும் சேர்ந்து வீட்டிலேயே லேப்டாப்பில் பீட் செய்கிறோம். ஒரு லேபிள் எங்கள் இரண்டு டிராக்கைக் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறது. டாஃப்ட் பங்க் 'கெட் லக்கி' மட்டும்தான் கேட்டிருக்கிறேன். எங்கே ஆரம்பிக்கலாம்? அப்புறம், ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வினைல்வண்டி

வாங்க. முதலில் 'அலைவ் 1997'. அந்த வருடம் நவம்பரில் பர்மிங்காம் க்யூ கிளப்பில் பதிந்தது, 45 நிமிடம், ஒரே டிராக். வீட்டில் இருந்த கருவிகளையே மேடைக்குக் கொண்டுபோய் 'டா ஃபங்க்' பாட்டைப் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பார்கள். நல்ல ஹெட்போனில் கேளுங்கள், லேப்டாப் ஸ்பீக்கரில் பேஸ் வராது. பிறகு 'ஹோம்வொர்க்' முழுசாக, வரிசை மாற்றாமல். கடைசி டிராக் 'டா ஃபங்க்' பாட்டையே பின்னோக்கி ஓடவிட்டது, அதையும் தவறவிடாதீர்கள். அதற்கு அப்புறம் 'டிஸ்கவரி'. அந்த ஆல்பம் முழுவதையும் ஜப்பானியச் சித்திரக்கதைக் கலைஞர் லெய்ஜி மட்சுமோட்டோ மேற்பார்வையில் ஒரு ஜப்பானிய அனிமேஷன் படமாக 2003-ல் கொண்டுவந்தார்கள், வசனமே கிடையாது. அதையும் பாருங்கள்.

ஒலிநாடா

தம்பி, வாழ்த்துகள். நான் வக்கீல் இல்லை, கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் கண்டிப்பாகக் காட்டுங்கள். நீங்கள் கேட்க வேண்டியவை இவை. மாஸ்டரை விற்கிறீர்களா, உரிமம் கொடுக்கிறீர்களா? உரிமம் என்றால் எத்தனை வருடம், எந்தெந்த நாடு? 'நிரந்தரமாக' என்ற சொல் இருந்தால் அதை அடித்துவிட்டு ஒரு எண்ணைப் போடச் சொல்லுங்கள். பாட்டை எழுதிய உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதியிருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்குள் பங்கு எவ்வளவு என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்மாடி

அந்த டிராக்கில் யாருடைய பாட்டிலிருந்தாவது துண்டு எடுத்திருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள் தம்பி. பாடியவர், வாசித்தவர் பெயரை நீங்களே கேட்டு அட்டையில் போட வையுங்கள். லேபிள் போட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட வேண்டாம்.

தாம்பரம்_லூப்

ஒரு டிராக்கில் பழைய நாகஸ்வர ரெக்கார்டு ஒன்றிலிருந்து நாலு வினாடி எடுத்திருக்கிறோம். யார் வாசித்தது என்று ரெக்கார்டு உறையில் இருக்கிறது. நாளைக்கே அந்தக் குடும்பம் எங்கே என்று விசாரிக்கிறோம். மெயிலில் 'நிரந்தரமாக' என்றுதான் இருக்கிறது.

ஒலிநாடா

அப்படியென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஐந்து வருடம் என்று கேட்டுப் பதில் எழுதுங்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இதே இழையில் வந்து சொல்லுங்கள்.